சாந்தோமில் அப்படியெல்லாம் எதுவும் கிடையாது

சாந்தோமில் பிள்ளையைக் கவனிக்காத குடும்பம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நம்பாதவர்கள் காலை ஏழரை மணிக்குச் சாந்தோம் நெடுஞ்சாலையில் வந்து நிற்கலாம். பேராலய வாசலில் தொடங்கிப் பட்டினப்பாக்கம் வரை காரும் வேனும் ஆட்டோவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறை. ஸ்கூட்டரில் முன்னால் நிற்கிற பிள்ளையின் வாயில் கடைசி இட்லித் துண்டைத் திணித்தபடியே சிக்னலைத் தாண்டுகிற அம்மாவைப் பார்க்கலாம். மகனின் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, காதில் ஆபீஸ் மீட்டிங்கையும் மாட்டிக்கொண்டு நடக்கிற அப்பாவைப் பார்க்கலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு ட்யூஷன், ஒரு கீபோர்டு வகுப்பு, ஒரு அபாகஸ். இதற்கு மேலும் கவனிப்பு வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையை ஐசியூவில்தான் சேர்க்க வேண்டும்.

பிள்ளைகளைக் கவனிக்காதவர்கள் எல்லாரும் லூப் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். இது எங்கள் பகுதியில் காலை நடை போகிற அத்தனை பேருக்கும் தெரிந்த உண்மை. “பாருங்க சார், சட்டைகூட இல்லாம ரோட்ல சுத்துது. பெத்துப் போட்டுட்டு எங்கயோ போயிடறாங்க.” நொச்சிக்குப்பத்துப் பிள்ளையைப் பார்த்ததும் எங்களுக்கு வருகிற அக்கறையை அளக்க ஒரு கருவி இன்னும் வரவில்லை. கிழக்கே பார்த்தால் எங்களுக்குப் பருந்துக் கண். சொந்த மாடிப்படியில் திரும்பினால் உடனே புரை விழுந்துவிடுகிறது.

அந்த அம்மா “எங்கயோ போன” இடத்தைச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருப்பாள். திரும்பி வந்து லூப் ரோட்டில் உட்கார்ந்து, நமக்காக வஞ்சிரத்தை நறுக்கித் தோல் உரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். நாம் பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்த பிறகு, அவளுடைய தாய்மையைப் பற்றி இலவசமாக ஒரு கருத்தும் சொல்லிவிட்டுக் கிளம்புவோம். 2023 ஏப்ரலில் அந்தக் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றப்பட்டபோது ஊரே பேசியது. 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி திறந்தபோதும் பேசியது. மீனுக்கு இடம், வண்டிக்கு இடம், வாங்க வருகிறவர் காரை நிறுத்த இடம் எல்லாம் பேசினோம். மீன் விற்கிறவளின் கைப்பிள்ளைக்கு எது இடம் என்று எங்கள் நடைப்பயிற்சி மேதைகளில் ஒருவர் கேட்டும் நான் கேள்விப்படவில்லை.

குப்பத்தைக் கோயிலாக்குவது என் வேலையில்லை. குடித்துவிட்டு வந்து பிள்ளையின் சோற்றுத் தட்டை எட்டி உதைக்கிற அப்பன் அங்கே உண்டு. தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்தை மறந்துபோன அக்கா அங்கே உண்டு. ஆனால் அங்கே கதவு திறந்திருக்கும். பிள்ளை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும், நாலில் ஒருத்தி “ஏன்டி, உம் புள்ள சாப்ட்டானா இல்லையா?” என்று தெருவே அதிரக் கேட்பாள். எங்கள் கட்டடத்தில் அந்தத் தொல்லை கிடையாது. இரட்டைக் கதவு, ஒலி புகாத ஜன்னல்.

இனி எங்கள் கட்டடத்துக்கு வருவோம். எட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டடத்திலும் இருப்பான்; பெயரை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பள்ளி வேன் அண்ணாவுக்குத் தெரியும், இவனை ஏற்றிவிட யாரும் கீழே வருவதில்லை என்று. வகுப்பு மிஸ்ஸுக்குத் தெரியும், இவன் முதல் பீரியடிலேயே தூங்கி வழிகிறான், மற்றப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தெரியும், பிரிட்ஜில் இருக்கிற முந்தாநாள் தயிர்ச் சாதம்தான் இவனுடைய ராத்திரிச் சாப்பாடு என்று. தலையணை உறைக்குள் பிஸ்கட் பாக்கெட்டை ஒளித்து வைத்திருப்பதையும் அவள்தான் கண்டாள். கண்டு, பேசாமல் திரும்ப வைத்தாள். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஆறு மாதம் ஆகிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே லிஃப்டில் நிற்கிறான். இரவு ஒன்பதரை வரை வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்த வாட்ச்மேனுக்குத் தன் பேரனைவிட இவனைப் பற்றி அதிகம் தெரியும். புதிதாக வருகிற கூரியர் பையன் கையைக்கூட இவன் பிடித்துக்கொள்கிறான். பார்க்கிறவர்கள் “எவ்ளோ ஃப்ரெண்ட்லி!” என்கிறோம்.

ஆளுக்கு ஒரு துண்டு தெரியும். துண்டுகளை ஒட்டிப் பார்க்கிற வேலை மட்டும் யாருடையதும் அல்ல.

இதில் அடி கிடையாது, சூடு போட்ட தழும்பு கிடையாது, செய்தி சேனலுக்குக் கொடுக்க ஒரு துளி ரத்தம்கூடக் கிடையாது. ஒரு நாள் சாப்பாடு மறந்தால் அது அலுப்பு. எந்த வீட்டிலும் நடக்கும். மாதக்கணக்கில் பிள்ளையின் பசி, பல்வலி, தூக்கம், பயம் எதுவுமே யார் கணக்கிலும் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் வேறு. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு விட்டுப்போன அனாதை இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சோறு இருந்தது, துணி இருந்தது, கட்டில் இருந்தது; தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. ஆய்வாளர் சார்லஸ் நெல்சனும் கூட்டாளிகளும் 2000 முதல் புக்காரெஸ்டில் 136 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளின் மூளையில் மின் இயக்கமே மங்கிக் கிடந்தது. இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள்தான் நன்றாக மீண்டார்கள். கட்டிலும் சோறும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? எங்களிடம் கட்டிலோடு ஏசியும் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பையனைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை வந்தது. லிஃப்டில் எல்லாத் தளத்துப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டான். “தயவுசெய்து அவரவர் பிள்ளையை அவரவர் கட்டுப்படுத்தவும்” என்று செய்தி. கீழே இருபது கைகூப்பல்கள். அன்று ஒருநாள்தான் அவன் எங்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தான். மற்ற நாளெல்லாம் மெட்ரோ வாட்டர் லாரி, யாரோ கருவாடு வறுக்கிற வாசனை, இன்னொருவர் இடத்தில் நிறுத்திய கார், அடிபட்ட நாய். நாய்க்கு மட்டும் நாலு பேர் உடனே புளூ கிராஸ் எண்ணைப் போட்டுவிட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. 1874இல் நியூயார்க்கில் மேரி எல்லன் என்ற சிறுமியை அடித்து வதைத்த வீட்டிலிருந்து மீட்க, மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்கிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கென்று ஒரு சங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. நூற்றைம்பது வருடம் கழித்தும் எங்கள் குழுவில் வரிசை மாறவில்லை.

கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: “அவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்கு?” ஆகா! அந்த வீட்டு மாமியார் எதற்குக் கோபித்துக்கொண்டு பெங்களூருக்குப் போனாள் என்று நமக்குத் தெரியும். அவர்கள் என்ன சாதி, காருக்கு எந்த பேங்க்கில் கடன், அந்தப் பெண் ராத்திரி எத்தனை மணிக்கு யாருடைய காரில் வந்து இறங்குகிறாள், எல்லாம் தெரியும். இதெல்லாம் பொது அறிவு. பிள்ளை பசியோடு படுப்பது மட்டும் வீட்டு விஷயம்.

நம் மயிலாப்பூர் மரபில் இதற்கு ஒரு கதை இருக்கிறது. வருடம் தவறாமல் கொண்டாடுகிறோம். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அப்பா சிவபாத இருதயர் நீரில் முழுகுகிறார். பிள்ளை அப்பாவைக் காணாமல், பசித்து, வீறிட்டு அழுகிறது. உமையம்மை வந்து பொற்கிண்ணத்தில் பாலைக் கறந்து ஊட்டினாள். பிள்ளை திருஞானசம்பந்தர் ஆனது. கவனியுங்கள், அம்மை “பெத்தவன் எங்கே போனான்?” என்று கூட்டம் கூட்டவில்லை. குளக்கரையில் நின்று வீடியோ எடுக்கவில்லை. முதலில் பாலைக் கொடுத்தாள். கரையேறி வந்த அப்பாதான் கையில் கோலை எடுத்து, “யார் கொடுத்த பாலைக் குடித்தாய்?” என்று பிள்ளையை அதட்டினார். ஆயிரத்து முந்நூறு வருடம் தாண்டியும் நாம் கற்றுக்கொண்டது அந்தக் கோலை மட்டும்தான்.

அந்தச் சம்பந்தர் மயிலைக்கு வந்து, பாம்பு கடித்து இறந்து சாம்பலான பூம்பாவையை உயிரோடு எழுப்பினார் என்பது ஐதீகம். பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாளில் கபாலீசுவரர் கோயிலில் அதை நடத்திக் காட்டுவார்கள். அன்றே அறுபத்துமூவர் உலா. நாலு மாடவீதியிலும் நீர்மோர், பானகம், புளியோதரை, சாம்பார் சாதம். வேண்டாம் என்றாலும் கையில் திணிப்பார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குச் சோறு போடுகிற ஊர் இது. அடுத்த கதவைத் தட்டி ஒரு பிள்ளைக்கு ஒரு தோசை நீட்ட மட்டும் அதற்குக் கூச்சம். திருவிழாவில் போட்டால் புண்ணியம். மாடிப்படியில் போட்டால் வம்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் ஊர்க்காரர்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இருக்கிறது. அது பொங்கி வருகிற நேரம்தான் வேறு.

2024 ஏப்ரல் 28. திருமுல்லைவாயிலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. நாலாவது மாடி பால்கனியில் அம்மாவின் கையிலிருந்து கைக்குழந்தை நழுவிக் கீழே விழுந்து, கூரைத் தகட்டின் விளிம்பில் தொற்றிக் கிடக்கிறது. அந்தக் குடியிருப்புக்காரர்கள் செய்ததைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். சிலர் கீழே போர்வையை விரித்துப் பிடித்து நின்றார்கள். ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே ஏறி, எட்டிப் பிடித்துக் குழந்தையை இறக்கினார். குழந்தை பிழைத்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

அந்த மீட்பின் வீடியோ நம் கைக்கு வந்தது. அதுவரை ஒரு பிள்ளையின் சொத்தைப் பல்லைக்கூடப் பார்க்கத் தெரியாத நாம், ஒரே வீடியோவில் குழந்தை வளர்ப்பு நிபுணர்களானோம். “இவளுக்கெல்லாம் எதுக்குக் குழந்தை?”, “செல்லைப் பாத்துட்டு இருந்திருப்பா”, “அம்மாவா இவ?” செல்லைப் பார்த்தபடியே இதை எழுதினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவைக் கேட்டவர்கள் அபூர்வம். அந்த மாடியில் பால்கனி வலை இருந்ததா, தாய்க்கு முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், கைக்குழந்தையையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளத் துணை யார் என்றெல்லாம் கேட்டால் கமெண்ட் நீண்டுவிடும், லைக் விழாது. மனம் உடைந்த அந்தப் பெண் கோவைக்குப் பக்கத்தில் காரமடையில் இருந்த தாய் வீட்டுக்குப் போனார். மே மாதம், சம்பவம் நடந்து மூன்று வாரத்தில், உயிரை மாய்த்துக்கொண்டார்.

குழந்தை மேல் நாம் கொண்ட அக்கறையின் விளைவாக, இரண்டு பிள்ளைகள் தாயில்லாமல் வளர்கின்றன. இந்தப் புறக்கணிப்புக்கு யார் பொறுப்பு என்று எந்த சேனலாவது விவாதம் நடத்தட்டும். நான் உட்கார்ந்து பார்க்கிறேன். அவர் இறந்த செய்தியின் கீழே அழுகிற முகத்தைப் போட்ட விரல்களில், முன்பு வசை எழுதிய விரல்கள் எத்தனை?

நம் கண் எப்போதும் தாய் மேல்தான்; பிள்ளை மேல் அல்ல. 2018இல் குன்றத்தூரில் ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளைக் கொன்றாள். 2025 ஜூலையில் அவளுக்கும் அவளோடு சேர்ந்தவனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அது கொலை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த வழக்குக்கு ஊர் வைத்த பெயரை யோசியுங்கள். ஒரு சாப்பாட்டுப் பண்டத்தின் பெயர்! ஏழு வருடம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தோம், மீம் போட்டோம். செத்துப்போன இரண்டு பிள்ளைகளும் அதற்கு முன்னால் அந்த வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றியதா? கேட்டால் நாளைக்கு இன்னொரு வீட்டைப் பார்க்க அது உதவியிருக்கும். உதவி நமக்கு எதற்கு, மீம் இருக்கும்போது?

இனி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரிய தகப்பனான அரசாங்கம். பெருமைக்குக் குறைவில்லை. இந்தியாவிலேயே முதலில் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1920இல். இப்போது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. பிள்ளையைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் 75ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். சரி, அப்பன் ஏன் கவனிக்கவில்லை? குடித்திருந்தான். யார் விற்றது? 2003 முதல் சில்லறையில் விற்பவர் நம் பெரிய தகப்பனார்தான். 2023-24இல் மட்டும் அந்த வகையில் அவருக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பெட்டியில் காசைப் போட்டுக்கொண்டு, குடித்தவன் பெண்டாட்டியிடம் “பிள்ளையை ஏன் கவனிக்கல?” என்று கேட்க ஒரு துறை வைத்திருக்கிறார்.

அம்மா ஏன் கவனிக்கவில்லை? வேலைக்குப் போனாள். 2017இன் மகப்பேறு திருத்தச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எந்த ஐம்பது? நாலு முதலாளியம்மாக்களைக் கூட்டினால் நாலுதான் வரும். போதாக்குறைக்கு, 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரைக் குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு அங்கே, வேலை இங்கே. அம்மா விடியலில் பஸ் ஏறி, இருட்டிய பிறகு இறங்கினால், நடுவில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார்? பழைய மாடியில் இருந்த பாட்டியும் பக்கத்து வீட்டு அத்தையும் எந்த பிளாக்கில் விழுந்தார்களோ. பிள்ளையைப் பத்து வீட்டுக் கண்ணிலிருந்து பிடுங்கிவிட்டு, தாயின் கண்ணையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைத்தவர் மேல் 75ஆம் பிரிவு பாயாது.

சரி, அரசாங்கத்திடமே சொல்லலாம் என்றால், “போன் பண்ணினா போலீஸ் வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்று ஒரு பயம். பயம் வெறும் கற்பனை இல்லை. 2022 டிசம்பர் கடைசியில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட பதினேழு வயதுப் பையன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் அடித்துக் கொல்லப்பட்டான். கைதானவர்கள் அந்த இல்லத்தின் ஊழியர்கள். அதற்குப் பிறகுதான் இல்லங்களை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு வந்தது. அது சட்டத்தோடு மோதிய பிள்ளைகளுக்கான இல்லம். கவனிப்பு வேண்டிய பிள்ளைகள் போகிற இடம் வேறு. இந்த வித்தியாசம் கோபப்படுகிற எனக்குத் தெரிகிறது. பயப்படுகிற தாய்க்கு எல்லாம் ஒரே இரும்புக் கதவுதான்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று அதே சட்டம்தான் சொல்கிறது. கதியில்லாமல் பிள்ளையைக் கைவிட்ட பெற்றவரை, வேண்டுமென்றே செய்தார் என்று கொள்ளக் கூடாது என்றும் அதே 75ஆம் பிரிவு சொல்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குடும்பம் பிள்ளையைத் தன்னிடமே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்? டாஸ்மாக் கடை எங்கே இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். இந்தத் தொகைக்கு மனு எங்கே கொடுப்பது என்று கவுன்சிலரைக் கேட்டுப் பாருங்கள். அவர் உங்களைக் கேட்பார்.

பாலியல் கொடுமை தெரிந்தும் மறைத்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் நம்மைத் தண்டிக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளை சொந்த வீட்டிலேயே பட்டினி கிடப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அண்டை வீட்டாரை அப்படித் தண்டிக்க வழியில்லை. ஆகவே மூடிக்கொண்டிருக்கிறோம். சட்டம் தொடாத இடத்தில் மனசாட்சி தொடும் என்பார்கள். சாந்தோமில் அதற்கும் லிஃப்ட் பாஸ் கொடுப்பதில்லை.

இன்று இரவு கீழே இறங்கி உங்கள் வாட்ச்மேனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ராத்திரி வரைக்கும் உங்ககிட்ட உக்காந்திருக்கிற பிள்ளை யாருண்ணா?” அவருக்குத் தெரியும், நாம் கேட்காததால் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு முதலில் சாப்பாடு கொடுங்கள், விசாரணை பிறகு. அந்த அம்மாவிடம் போய் “ஏன் கவனிக்கல?” என்று ஆரம்பிக்காமல், “நீ சாப்ட்டியாம்மா, தூங்கினியா?” என்று கேட்டுப் பாருங்கள். அப்பா இருந்தால் அவரையும் அதே நாற்காலியில் உட்கார வைத்துக் கேளுங்கள், அவரும் பெற்றவர்தான். வகுப்பு மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. 1996இல் மும்பையில் தொடங்கிய எண். 2023இல் தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசின் கைக்குப் போய்விட்டது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது. எடுப்பவர் மெத்தனமாகப் பேசினால் மறுபடியும் அழையுங்கள். மெட்ரோ வாட்டருக்கு அழைக்கிற அதே பிடிவாதத்தோடு. உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். முகத்தையும் பெயரையும் மறைத்துக்கொண்டு ஒரு தாயைத் திட்டத் தெரிந்த நமக்கு, பெயரை மறைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்காக நாலு எண்ணை அழுத்துவது பெரிய வேலையில்லை.